தாயைப் பார்த்து நாயை வாங்கு!

நாய்க்குட்டி வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது குட்டியின் அம்மாவை. குட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அது எங்கேயும் ஓடிவிடாது. (ஓடும். ஆனால் திரும்பி வந்து உங்கள் செருப்பைக் கடிக்கும்.)

'தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் பெண்ணை வீட்டில் பார்க்க வேண்டாம்' என்று பாட்டிகள் சொல்லி வைத்தது கல்யாணத் தரகர்களுக்காக இருக்கலாம். எனக்கு அது நாய்த் தரகர்களிடம்தான் உபயோகப்பட்டது. இரண்டு மாதக் குட்டிக்கு அம்மாவைத் தவிர வேறு பயோடேட்டா கிடையாது. ஈரல், முழங்கால், முடி, பயம், கோபம் எல்லாம் பூர்விகச் சொத்து. அப்பா? அவர் பெரும்பாலும் வெளியூர்.

நாய்த் தரகர்களோடு எனக்குச் சகவாசம் ஏற்பட்டது மச்சினனால். திருவண்ணாமலையில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் உத்தியோகம். வேங்கிக்காலில் முதல் மாடியில் வாடகை வீடு. அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். போன வருஷம் தை மாதத்தில் ஒரு நாள் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, ஒரு யார்க்‌ஷயர் வாங்கலாம்னு இருக்கேன்."

"எந்தக் கம்பெனி ஷேர்?" என்றேன். பி.காம். படித்தவன் காதில் அப்படித்தான் விழும்.

"ஷேர் இல்ல மாமா, நாய். யார்க்‌ஷயர் டெரியர். செல்லமா யார்க்கி."

செல்போனில் காட்டினான். தரையைப் பெருக்குகிற நீளத்துக்குப் பட்டு மாதிரி முடி, நடு வகிடு, உச்சியில் சிவப்பு ரிப்பன். ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் புறப்பட்ட எல்.கே.ஜி. பாப்பா போல இருந்தது. அவன் அம்மா, அதாவது என் மாமியார், எட்டிப் பார்த்தார். "இதுக்கு யாருடா தலை வாருவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

எங்கள் ஊருக்கு நாய் ஒன்றும் புதுசு இல்லை. ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசு, ஒரு மான், ஒரு காகம் இவற்றின் சமாதிகளோடு ஜாக்கி என்கிற நாய்க்கும் சமாதி இருக்கிறது. ஸ்கந்தாசிரமத்தில் கமலா என்று ஒரு பெண் நாய் இருந்தது. புதிதாக வருகிற பக்தர்களை மலையில் கோயில், தீர்த்தம் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுமாம். டிப்ஸ் கேட்காத கைடு! ரமணர் எந்த மிருகத்தையும் 'அது' என்று சொன்னதில்லை. அவன், அவள்தான். நாய்களுக்குச் சோறு ஆயிற்றா என்று விசாரிக்கும்போதுகூட 'பையன்களுக்குப் போட்டாச்சா' என்கிற பாணியில்தான் கேட்பாராம்.

ஆகவே, "கிரிவலப் பாதை 14 கிலோமீட்டருக்கும் குட்டிகள் இருக்கு. ஒண்ணை எடுத்து வளரேன். செலவு கம்மி, புண்ணியம் ஜாஸ்தி" என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவன் மனைவியைச் சின்ன வயதில் ஒரு பெரிய நாய் தெருக்கோடி வரை துரத்தியிருக்கிறது. முழங்காலுக்கு மேல் வளர்கிற எதுவும் வேண்டாம் என்பது அந்தப் பெண்ணின் நிபந்தனை. நாட்டு நாய் அவுட். ராஜபாளையமும் அவுட். 2005-ல் தபால் தலையில் இடம் பிடித்த கம்பீரம்தான். ஆனால் ஓடுவதற்கு மைதானம் கேட்கும். அதை முதல் மாடி பால்கனியில் கட்டிப் போடுவது பாவம். மிச்சம் இருந்தது மூன்று கிலோ யார்க்கி.

அது என்ன ஜாதி என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். பார்த்ததும் பிடித்துப் போயிற்று. ரிப்பன் கட்டின சீமாட்டி நாய் என்றுதானே நினைப்போம்? கிடையாது. அசல் தொழிலாளி வர்க்கம்! இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் துணி மில்கள் பெருகியபோது ஸ்காட்லாந்திலிருந்து நெசவாளிகள் பிழைப்புத் தேடி வந்தார்கள். கூடவே அவர்களுடைய குட்டி டெரியர்களும். அவற்றை உள்ளூர் நாய்களோடு கலந்து வந்தது இது. வேலை எலி பிடிப்பது. முடியின் பளபளப்பைப் பார்த்து, 'இதையும் தறியில்தான் நெய்திருக்கிறார்கள்' என்று அந்தக் காலத்தில் கேலி பேசினார்களாம். நம் ஆரணியில் ஒரு நெசவாளி பட்டு நெய்துகொண்டே திண்ணையில் ஒரு நாயையும் வளர்த்து, அது லண்டன் வரைக்கும் புகழ் பெற்றால் எப்படி இருக்கும்? அப்படி.

இந்த இனத்தின் மூல புருஷன் ஹடர்ஸ்ஃபீல்டு பென் என்கிற நாய். 1865-ல் பிறந்து, 1871-ல் வண்டியில் அடிபட்டுச் செத்தது. ஆயுசு ஆறே வருஷம். அதற்குள் கண்காட்சிகளில் பரிசு, எலிப் பந்தயத்தில் பரிசு, ஏராளமான வாரிசுகள். 1886-ல் இங்கிலாந்து கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஸ்மோக்கி என்று ஒரு யார்க்கி. 1944-ல் நியூகினியா காட்டில் பதுங்கு குழிக்குள் கிடைத்து ஓர் அமெரிக்கச் சிப்பாயிடம் வந்து சேர்ந்தது. பிலிப்பைன்ஸ் விமான தளத்தில், ஓடு பாதைக்கு அடியில் 70 அடி நீளக் குழாய்க்குள் டெலிபோன் கம்பியை இழுத்துக்கொண்டு நுழைந்து மறுபக்கம் வந்தது. எடை இரண்டு கிலோவுக்கும் கீழே!

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், மடியில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும் என்று நினைத்து யார்க்கி வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள். தான் சின்ன உருவம் என்பது அதற்குத் தெரியாது. தண்ணீர் லாரியைப் பார்த்துச் சண்டைக்குப் போகும்.

நிற்க. மச்சினன் விசாரித்த முதல் ஆசாமி வாட்ஸ்அப்பில் கிடைத்தவர்.

"டீ கப் யார்க்கி சார்! கப்புக்குள்ளயே உட்காரும். அட்வான்ஸ் ஜிபே பண்ணுங்க, நைட் பஸ்ல போட்டு விடறேன்."

சிவப்பு சோபாவில் ஒரு குட்டி உட்கார்ந்திருக்கிற போட்டோ வந்தது. அதே சிவப்பு சோபா, அதே குட்டி, கோயம்புத்தூரில் ஒருவர் விளம்பரத்திலும் ஹைதராபாத்தில் ஒருவர் விளம்பரத்திலும் இருந்தது. நிறையப் பிரயாணம் செய்கிற சோபா. "அம்மா போட்டோ அனுப்புங்க" என்று எழுதச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் வந்தது. தும்பைப் பூ வெள்ளையில் ஒரு நாய்.

"சார், யார்க்கி வெள்ளையா இருக்காதே?"

"அதுக்கு வயசாயிடுச்சு சார். நரைச்சுடுச்சு."

சிரித்து முடித்துவிட்டு யோசித்தால் வயிற்றைக் கலக்கியது. அத்தனை வயசான நாய் எப்படிக் குட்டி போட்டது?

டீ கப் என்று ஓர் இனமே கிடையாது. யார்க்கிக்கு உச்ச வரம்பு 3.2 கிலோ. அதிலும் பாதியாக, உள்ளங்கையில் அடங்குகிறபடி ஒன்று இருந்தால் பெரும்பாலும் அது ஈத்தில் நோஞ்சான், அல்லது நோஞ்சானுக்கும் நோஞ்சானுக்கும் பிறந்தது, அல்லது 30 நாள் குட்டியை 60 நாள் என்று சொல்கிறார்கள். அந்தச் சைஸுக்கு இரண்டு வேளை பட்டினி கிடந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, தள்ளாடி, வலிப்பு வந்துவிடும். சாதாரண யார்க்கி குட்டிக்கே ஆரம்பத்தில் நாளைக்கு நாலு வேளை ஊட்ட வேண்டும்.

நிறத்தை வைத்தும் பாதி மோசடியைப் பிடித்துவிடலாம். யார்க்கி பிறக்கும்போது கறுப்பு. முகத்திலும் கால்களிலும் மட்டும் பழுப்பு. பார்த்தால் யாரோ டோபர்மேனைத் துவைத்துச் சுருங்க வைத்த மாதிரி இருக்கும். படங்களில் வருகிற அந்த எஃகு நீலம் இறங்குவதற்கு இரண்டு, மூன்று வருஷம்கூட ஆகும். இரண்டு மாதக் குட்டி வெள்ளியாக மின்னினால் அது யார்க்கியா என்றே சந்தேகப்படலாம். காது நிமிராமல் மடிந்திருந்தால் மட்டும் சந்தேகப்பட வேண்டாம். அது நிமிரச் சில மாதங்கள் பிடிக்கும்.

அடுத்து நேரில் போனோம். வேலூர் தாண்டி ஓர் இடம். ஊரும் பேரும் வேண்டாம். வாசலில் கென்னல் என்று பெரிய போர்டு. உள்ளே ஏ.சி., சோபா (பச்சை), சுவரெல்லாம் கோப்பையோடு நிற்கிற நாய்களின் படங்கள். டீ வந்தது. பின்னாலேயே பிளாஸ்டிக் கூடையில் துண்டு விரித்துக் குட்டி வந்தது. கறுப்பு, பழுப்பு, சரியான நிறம். மச்சினன் கட்டை விரலைப் பிடித்துச் சப்பியது. அவன் காலி!

"55 ஆயிரம் சார். 45 நாள் ஆச்சு. இப்ப எடுத்தாத்தான் உங்ககிட்ட பாசமா ஒட்டும்."

"அம்மாவைப் பார்க்கலாமா?"

"அம்மா பின்னால ஃபார்ம்ல இருக்கு. வெளி ஆளைப் பார்த்தா டென்ஷன் ஆயிடும் சார். இன்ஃபெக்‌ஷன் பயம் வேற."

நியாயமான பதில் போலத்தான் இருந்தது. கை கழுவ வேண்டும் என்று எழுந்தேன். குழாய் கொல்லைப்புறத்தில். அதைத் தாண்டி ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். அங்கிருந்து வந்த நெடி எந்த ஃபினைலுக்கும் அடங்காது. உள்ளே கோழிக் கூண்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகக் கம்பிக் கூண்டுகள். தரையும் கம்பிதான். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் யார்க்கி. சிக்குப் பிடித்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முன் பற்கள் இல்லை. மடி தரையைத் தொட்டது.

அது குரைக்கவில்லை. லாரியோடு சண்டைக்குப் போகிற ஜாதி என்று சொன்னேனே, அந்த ஜாதியில் குரைக்காத நாயை அன்றைக்குத்தான் பார்த்தேன். கம்பிக்குள் விரலை நீட்டினேன். வாலை ஒரு தடவை ஆட்டியது. பிறகு பழக்கம் போலத் திரும்பி, குட்டிகளுக்குப் பால் கொடுக்கிற மாதிரி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. குட்டிகள் அங்கே இல்லை. கூடையில் இருந்தன.

சாணிக் கூடையோடு வந்த பையனிடம் "எத்தனை ஈத்து?" என்று கேட்டேன்.

"தெரியாதுண்ணே. நான் வந்து மூணு வருஷம் ஆவுது. நான் பார்த்தது ஆறு."

உள்ளே திரும்பியபோது மச்சினன் செல்போனை எடுத்து ஜிபேயில் நம்பர் போட்டுக்கொண்டிருந்தான். எழுப்பி வெளியே கூட்டி வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. "அப்போ அந்தக் குட்டியையாவது காப்பாத்தலாமே மாமா?" என்றான். கஷ்டமான கேள்வி. நல்ல மனசுக்காரர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். "நீ கொடுக்கிற 55 ஆயிரம் ஏழாவது ஈத்துக்கு அட்வான்ஸ்டா" என்றேன். பைக்கில் கண்ணமங்கலம் வரும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. புகாரை மறுநாள் எழுதிப் போட்டோம்.

சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. மத்திய அரசு 2017-ல் நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் தனி விதிகள் கொண்டுவந்தது. குட்டி விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தாய்க்கு 18 மாதம் ஆகாமல் இனப்பெருக்கம் கூடாது. ஆயுசுக்கு ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. தமிழக அரசும் 2024-ல் ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கையை வெளியிட்டு, சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் மாதிரி நம் வெயிலுக்கு ஒத்துவராத இனங்களைப் பட்டியல் போட்டது. (எங்கள் ஊரில் அக்னி நட்சத்திரத்தில் ஹஸ்கியைப் பார்த்திருக்கிறேன். நாக்கு முழ நீளம் தொங்கும்.) ஆகவே 'உங்க பதிவுச் சான்றிதழைக் காட்டுங்க' என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. கூச்சப்பட வேண்டாம். அறுநூறு ரூபாய் மிக்ஸிக்கு வாரண்டி கார்டு கேட்கிறோமே!

அந்த எட்டு வாரக் கணக்கு சும்மா இல்லை. கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது அம்மாவிடமும் கூடப் பிறந்தவர்களிடமும்தான். 45 நாளில் பிரித்த குட்டி அந்தப் பாடத்தை உங்கள் கணுக்காலில் படிக்கும். இன்னொன்று பார்வோ. மச்சினன் பிராஞ்சில் கேஷியராக இருக்கிறவர் ஒரு கடையில் லாப்ரடார் குட்டி வாங்கினார். மூன்றாம் நாள் வாந்தி, நாலாம் நாள் ரத்தமாகப் பேதி, ஐந்தாம் நாள் ராத்திரி டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. அவருடைய ஆறு வயசுப் பெண் குட்டிக்கு வாங்கிய கிண்ணத்தைப் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். கடைக்காரர் சொன்ன பதில்: "நீங்க பிஸ்கட் போட்டிருப்பீங்க." பார்வோ கிருமி உடம்புக்குள் போய்ச் சில நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். மூன்றாம் நாள் வந்த வியாதி கடையிலிருந்தே கூட வந்ததாகத்தான் இருக்க முடியும். அந்தக் கிருமி வீட்டுத் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த குட்டியை உடனே கொண்டுவந்து ஆறுதல் தேடவும் முடியாது.

நான் காமர்ஸ் ஆசாமி. ஒழுங்காக நாய் வளர்த்து விற்கிறவருக்கு என்ன மிஞ்சும் என்று ஒரு தாளில் கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். வரவுப் பக்கம் சுலபம். யார்க்கி ஒரு ஈத்துக்கு மூன்று, நாலு குட்டிதான் போடும். லாப்ரடார் மாதிரி எட்டு, பத்து கிடையாது. பற்றுப் பக்கம்தான் நீள்கிறது. தாய்க்கு 18 மாதம் வரை வருமானமில்லாத சோறு, ஆண் நாய்க்காரருக்குக் கட்டணம், ஸ்கேன், 63 நாள் கர்ப்பத்துக்குச் சத்தான ஆகாரம், உருவம் சின்னது என்பதால் சிசேரியன் ஆகக்கூடிய அபாயம், குட்டிகளுக்குப் பூச்சி மருந்து, தடுப்பூசி, மைக்ரோ சிப், கென்னல் கிளப் பதிவு. இரண்டு மாத ராத்தூக்கமும் போகும். அதற்கு டெப்ரிசியேஷன் போடுவது எப்படி என்று எந்த டெக்ஸ்ட் புக்கிலும் இல்லை. ஒரு ஈத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் தாய்க்கு ஓய்வு வேறு. இதில் பெரிய லாபம் பார்க்க வேண்டுமானால் ஒரே இடத்தில்தான் வெட்ட முடியும். தாயின் சோற்றில், தாயின் இடத்தில், தாயின் ஓய்வில். அந்த ஷெட்டை நான் பார்க்காமலே இருந்திருந்தாலும் கணக்கு அதைக் காட்டியிருக்கும்.

கென்னல் கிளப் ஆஃப் இந்தியா (தலைமையகம் நம் சென்னையில்தான்) தருகிற காகிதத்தைப் பெரிதாக நீட்டுவார்கள். அது ஜாதகம். தாத்தா, பாட்டி பெயரெல்லாம் இருக்கும். ஆனால் ஆரோக்கியத்துக்கு அது ஜாமீன் கிடையாது. காகிதத்தில் உள்ள மைக்ரோ சிப் நம்பரும் குட்டியின் தோலுக்கடியில் இருக்கிற நம்பரும் ஒன்றுதானா என்று டாக்டரிடம் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு அப்புறம் ஜாதகத்தை நம்பலாம்.

சரி, நல்ல ஆளை எங்கே போய்த் தேடுவது? கால்நடை டாக்டரிடம் கேட்பதுதான் உத்தமம். யாருடைய குட்டி அடிக்கடி டிரிப்ஸ் ஏற்ற வருகிறது, யாருடையது ஊசி போட மட்டும் வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். நாய்க் கண்காட்சிகளுக்கும் போகலாம். மே மாதம் ஊட்டியில் நடப்பது பிரசித்தம். பரிசு வாங்கின நாயை விட்டுவிட்டு, நாய்க்காரர் அதை எப்படித் தூக்குகிறார் என்பதைக் கவனியுங்கள். எங்களுக்கு டாக்டர் கைகாட்டிய இடம் காட்பாடி. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். வீட்டோடு இரண்டு பெண் யார்க்கி. இரண்டு வருஷத்துக்கு ஒரு ஈத்து வந்தால் அதிகம்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார். கையைக் கழுவச் சொன்னார். கேட்பதற்கு முன்பே அம்மா வந்துவிட்டது. எங்களைத் திருடர்கள் என்று முடிவு கட்டி, வராந்தா அதிரக் குரைத்து, முகர்ந்து, மன்னித்து, டீச்சர் காலடியில் போய் உட்கார்ந்தது. முடி கட்டையாக வெட்டியிருந்தது. கண்ணில் அழுக்கில்லை. கூடத்து மூலையில் மரத் தடுப்புக்குள் மூன்று குட்டிகள். ஒன்று மிக்ஸி சத்தத்துக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் கேள்வி கேட்கலாம் என்று போயிருந்தோம். டீச்சர் ஆரம்பித்தார்.

"பகல்ல வீட்ல யாரு?"

"நான் பேங்க். ஒய்ஃப் ஸ்கூல்ல டீச்சர் மேடம்." ஒரே இனம் என்று சலுகை கிடைக்கும் என எதிர்பார்த்தான்.

"காலைல எட்டரைக்குப் போனா சாயங்காலம் ஆறு. அப்ப நாய் யாருக்கு? கதவுக்கா?"

மௌனம்.

"தினம் பத்து நிமிஷம் சீவணும். இல்லேன்னா முடி சிக்காயி உள்ள தோல் புண்ணாகும். யார் சீவறது?"

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் நாயைப் பார்த்தேன்.

"ரிப்பன் எல்லாம் ஃபோட்டோவுக்கு. உங்க ஊர் வெயிலுக்கு ஒட்ட வெட்டிடுங்க. கழுத்துல பட்டை கட்டி இழுக்கக் கூடாது. மூச்சுக்குழாய் நைஞ்சது இதுங்களுக்கு. மார்புல மாட்டற பட்டைதான். சரி, பன்னெண்டு பதினஞ்சு வருஷம் இருக்கும். உங்களுக்குக் குழந்தை பொறந்து பத்தாவது படிக்கிற வரைக்கும். உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் வருமே?"

மார்க் போட்டிருந்தால் 35 தாண்டியிருக்காது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லி அனுப்புவார்களே, அப்படி ஆகிவிட்டது. "பகல்ல ஆள் ஏற்பாடு பண்ணிட்டு ஃபோன் பண்ணுங்க. இந்த மூணுக்கும் வீடு ஆச்சு. அடுத்தது அடுத்த வருஷம்தான்" என்றார். எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப் போனது அந்த நிமிஷம்தான். குட்டியை விற்க மறுக்கிற ஒருவரிடம்தான் குட்டி வாங்கவேண்டும் போலிருக்கிறது.

ஃபெயிலானவனுக்கும் பாடம் நடத்தினார். குட்டிகளை வெளியே விட்டார். ஒன்று பாய்ந்து வந்து என் வேட்டியைப் பிடித்தது. ஒன்று தள்ளி நின்று பார்த்துவிட்டு மெதுவாக வந்தது. ஒன்று வரவில்லை. "வராததைப் பாவம்னு எடுக்காதீங்க. பாய்ஞ்சதையும் புத்திசாலின்னு நினைக்காதீங்க. முதல் தடவை வளர்க்கிறவங்களுக்கு நடுவுல வந்ததுதான் சரி." ஓடும்போது பின்னங்காலைப் பார்க்கச் சொன்னார். நாலு எட்டுக்கு ஒரு தடவை ஒரு காலைத் தூக்கி நொண்டியடித்தால் முழங்கால் சில்லு விலகுகிறது என்று அர்த்தம். இந்த இனத்தின் பரம்பரைக் கோளாறு அது. ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். வயிறு மட்டும் பானை மாதிரி இருந்தால் பூச்சி. வாலைத் தூக்கிப் பார்க்க வெட்கப்படக் கூடாது. அங்கே ஈரம் இருந்தால் பேதி. யார்க்கிகளுக்கு ஈரலைச் சுற்றிக்கொண்டு ரத்தம் போகிற பிறவிக் குறை ஒன்று வருவதுண்டு. சாப்பிட்ட பிறகு மந்தமாகச் சுவரைப் பார்த்து நிற்கும், வளர்ச்சி இருக்காது. பித்த அமிலம் என்று ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தாய்க்கு அதைச் செய்த ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். நாங்கள் கேட்கவே இல்லை.

பின்னால் போய் நின்று ஒரு கை தட்டினார். மூன்று தலைகளும் திரும்பின. இது யார்க்கிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ராஜபாளையம் வாங்குகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை. அந்தத் தூய வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவது அதில் உண்டு. கூப்பிட்டால் வராத நாயைத் திமிர் பிடித்தது என்று அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் காதே கேட்காது, பாவம்.

அடுத்த வருஷம் வந்தது. மாமியார் போளூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேங்கிக்காலுக்கு வந்து சேர்ந்தார். முழங்கால் வைத்தியத்துக்காக வந்ததாகத்தான் இன்றைக்கும் சொல்கிறார். அவரையும் காட்பாடிக்குக் கூட்டிப்போய் டீச்சர் முன்னால் நிறுத்தினோம். இரண்டு அம்மாக்களும் ஒரு மணி நேரம் பேசினார்கள். பாஸ். 40 ஆயிரம். பதினோரு வாரத்துக் குட்டி, எடை 1 கிலோ 50 கிராம். தடுப்பூசிப் புத்தகம், என்னென்ன எத்தனை வேளை என்று கையால் எழுதிய சாப்பாட்டுப் பட்டியல், அம்மா வாசனை அடிக்கிற பழைய புடவைத் துண்டு ஒன்று. ஒரு காகிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். எந்தக் காரணத்தால் வளர்க்க முடியாமல் போனாலும் யாருக்கும் கொடுக்கக் கூடாது, தெருவில் விடக் கூடாது, அவரிடமே திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும்.

முதல் வாரம் சாம்பாரில் தகராறு. "ஒரு வாய் சாம்பார் சாதம் போட்டா என்ன ஆயிடும்?" என்றார் மாமியார். ஆகும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். மூன்று கிலோ ஜந்துவுக்குச் சின்ன வெங்காயம் சின்ன விஷயம் இல்லை. சாக்லேட், திராட்சை இரண்டும் அதே ரகம். இப்போது அவர் தினம் வெங்காயம் போடாமல் தனியாகக் கோழி வேகவைக்கிறார். அவர் சைவம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டீச்சர் ஃபோன் செய்து எடை கேட்பார். அதற்காக மச்சினன் ஒன்பதரைக்கே குட்டியைத் தெருமுனை மளிகைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவான். கடைக்காரர் தராசில் பேப்பர் விரித்து, துவரம் பருப்பு மாதிரி நிறுத்துக் கொடுப்பார்.

போன புதன்கிழமை ராத்திரி வேங்கிக்கால் வீட்டுச் சமையலறையில் ஒரு சுண்டெலி. கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஏதோ உருண்டது, ஒரு கீச், அவ்வளவுதான். நெசவாளி வீட்டு வாரிசு வாயில் வாலோடு வந்து நின்றான். மாமியார் மணி பதினொன்று என்றும் பார்க்காமல் காட்பாடிக்கு ஃபோன் போட்டார்.

"டீச்சர், உங்க பேரன் எலி பிடிச்சிட்டான்!"

எதிர்முனையில் ஒரு விநாடிகூடத் தாமதமில்லை.

"வாயைத் திறந்து பிடுங்குங்க முதல்ல. அக்கம்பக்கத்துல எலி மருந்து வெச்சிருக்காங்களா கேளுங்க. லெப்டோ ஊசி ரெண்டாவது டோஸ் போட்டாச்சா? அப்புறம், இந்த வாரம் வெயிட் என்ன?"